அனுப்பியவருக்கே திருப்புக

தல்லாகுளத்தில் ஒரு பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடம்.
ஐந்தாம் சுற்று, பதினேழாம் பலகை.
எதிர் நாற்காலியில் ஒரு தலையணை,
தலையணைமேல் நிலோஃபர், எட்டு வயது.
தரையைத் தொடாத கால்கள்
ஆடிக்கொண்டே இருந்தன,
என் முழங்காலில் இரண்டு முறை இடித்தன.
"சாரி அங்கிள்" என்றாள்,
என் யானையை வெட்டும்போதும் அதே குரலில்.

எனக்கு அப்போது முப்பத்து நாலு.
ஆர்.எம்.எஸ். கோட்டைச்சாமி என்றால்
லேசில் குதிரையை விடமாட்டான் என்று
மாவட்டத்தில் கொஞ்சம் பேச்சு உண்டு.

பத்தொன்பதாவது நகர்த்தலில்
மந்திரியை எடுத்து
அது புறப்பட்ட கட்டத்திலேயே வைத்தாள்.
எங்கள் ஆபீஸில் இதற்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் இருக்கிறது.
பிள்ளை பயந்துவிட்டது என்று நினைத்து
பெரிய மனசு பண்ணி, "டிரா வச்சுக்கலாமா?" என்றேன்.
"எதுக்கு?"
கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.
பன்னிரண்டு நகர்த்தல் கழித்து
எனக்கும் தெரிந்தது.

ராத்திரி வேலை எனக்கு, ஜங்ஷனை ஒட்டிய
கடிதம் பிரிக்கும் கூடத்தில்.
சுவர் முழுக்கச் சதுரம் சதுரமாய்ப் பொந்துகள்:
ஆரப்பாளையம், அவனியாபுரம், ஆனையூர்.
கை தானாகப் போகும்.
ஒருநாள் விரைவு அஞ்சல் மூட்டையில் தடித்த உறை.
பாஸ்போர்ட்.
எம். நிலோஃபர், மைனர்,
மஹபூப்பாளையம், மதுரை 16.
கை நின்றுவிட்டது.
யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும்
உள்ளங்கையில் வைத்து ஒருதரம் எடை பார்த்தேன்.
பிறகு அதன் பொந்தில் போட்டேன்.

அதற்கப்புறம் அவள் போன ஊரெல்லாம்
என் போனிலும் வந்து போயின.
பட்டூமியில் வெண்கலம்.
புடாபெஸ்டில் முதல் மூன்று சுற்றும் போச்சு.
அறையில் அம்மா குக்கர் வைக்கப் போய்
புகைமணி அடித்து, மொத்த ஓட்டலும்
செருப்போடு பனியில் இறங்கி நின்றதாம்.
நாலாம் சுற்றில் ஜெயித்தாள்.
அப்பா மைதீன் ஷேர் ஆட்டோவை விற்ற செய்தியும்
சங்கத்து வாட்ஸாப் குழுவில்தான் வந்தது.
கீழே ஏழெட்டுக் கும்பிடு.
வசூலுக்கு வந்தபோது ஐந்நூறு கொடுத்தேன்,
கொடுத்துவிட்டு ரசீது கேட்டேன்.
ஏன் கேட்டேனோ.

ரெய்க்யாவிக். அவளுக்குப் பதிமூன்று.
எதிரே நரைத்த தாடி கிராண்ட்மாஸ்டர்.
அங்கே சாயங்காலம், இங்கே பதினொன்றே முக்கால்,
பாண்டியன் போய் வெகுநேரம் ஆன பிளாட்பாரம்.
இருபத்து மூன்றாவது நகர்த்தல்:
மந்திரி திரும்பவும் வீட்டுக்கு.
வர்ணனை செய்த இருவரும் சிரித்தார்கள்.
கணினி அவளைக் கீழே இறக்கியது.
நான் பருத்திப்பால் டம்ளரைத் தரையில் வைத்தேன்.
மூட்டைகள் காத்திருந்தன.
கணினி இன்னும் யோசித்தது,
இன்னும்,
வெள்ளைக் கோடு நூல் நூலாக ஏற ஆரம்பித்தது.
தாடிக்காரர் டிரா கேட்டாரா, தெரியாது.
கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று
மதுரையில் எனக்கு மட்டும் தெரியும்.

விமான நிலையத்தில் மேளம், மாலை.
ஃப்ளெக்ஸில் கவுன்சிலர் ஆளுயரம்,
அவள் முகம் பாஸ்போர்ட் அளவு.
பின்னால் ஒரு சதுரங்கப் பலகை,
வலக்கை மூலையில் கறுப்புக் கட்டம்!
ஊரே நின்றும் ஒருத்தருக்கும் உறுத்தவில்லை.
அவள் வெளியே வந்தாள், ஒரு ஷூ நாடா அவிழ்ந்து,
ஃப்ளெக்ஸைப் பார்த்தாள்.
தலையைச் சாய்த்தாள்.
இன்னும் சாய்த்தாள்,
தோளில் காது படும்வரை,
பலகை சரியாகும்வரை.

என் பக்கம் பார்க்கவில்லை.
பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது.
எட்டரைக்கு டூட்டி.
பெருங்குடி பஸ் ஸ்டாப் வரை
நடந்தே போனேன்.